அட்மிஷன் முடிவு வரும்வரை: அமெரிக்கக் கல்லூரி போர்ட்டலில் தெரியும் சகுனங்களைப் படிப்பது எப்படி?

நம்மூர் பொறியியல் கலந்தாய்வில் ஒளிவுமறைவு அதிகம் கிடையாது. 200-க்கு உங்கள் கட்-ஆஃப் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். ரேங்க் பட்டியல் வெளியாகிவிடும். போன வருடம் எந்தக் கல்லூரி எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்பதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நின்றாலே யாராவது சொல்லிவிடுவார்கள். அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பித்தவருக்கு இந்த வசதி இல்லை. மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், படித்த பள்ளி, குடும்பச் சூழல் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒரு குழு பேசி முடிவெடுக்கிறது. ஜனவரி முதல் வாரம் விண்ணப்பம் போனால் மார்ச் பாதி தாண்டும்வரை அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது.

அந்த இடைவெளியில்தான், விண்ணப்ப நிலையைப் பார்க்கக் கல்லூரி தரும் இணையப் பக்கமான போர்ட்டலை வைத்து ஜோசியம் தொடங்குகிறது. புது லிங்க் முளைத்தால் அட்மிட், படிவம் மறைந்தால் ரிஜெக்ட், முகவரிப் பட்டையில் ஓர் எழுத்து மாறினால் வெயிட்லிஸ்ட் என்று, பஞ்சாங்கத்தில் வரும் பல்லி விழும் பலன் போல ஒரு பட்டியலே விண்ணப்பதாரர்களிடையே உலவுகிறது. முழுக்கப் பொய் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் சில சமிக்ஞைகள் உண்மையானவை. எவை உண்மை, எவை வெறும் சத்தம் என்று பிரிக்கத் தெரிந்தால் இந்த மூன்று மாதத்தில் கொஞ்சம் தூங்கலாம்.

முதல் நாள் பக்கத்தைச் சேமித்து வையுங்கள்

விண்ணப்பம் போன சில நாட்களில் போர்ட்டல் கணக்கு திறக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும். உள்ளே ஒரு பட்டியல் இருக்கும்: பள்ளி மதிப்பெண் சான்று, ஆசிரியர் கடிதங்கள், டோஃபல் அல்லது ஐஇஎல்டிஎஸ், இடைப்பருவ அறிக்கை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக் அல்லது சிவப்புப் பெருக்கல் குறி. அந்தப் பக்கத்தை, அடியில் இருக்கும் பொடி எழுத்து லிங்க்குகள் உட்பட, அன்றைக்கே பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான். பிப்ரவரியில் ஒரு நள்ளிரவில் 'ஹவுஸிங்' என்றொரு லிங்க் கண்ணில் படும். நேற்று இது இருந்ததா? ஞாபகம் இருக்காது. வீடே எழுந்து உட்கார்ந்துவிடும். என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் காட்டும் 'புது' அடையாளங்களில் பல, முதல் நாளிலிருந்தே அங்கே கிடந்தவை. எம்எஸ் விண்ணப்பங்களில் வங்கி இருப்புச் சான்று கேட்பதும் அப்படித்தான். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடேயே எல்லாரிடமும் கேட்கின்றன, சில அட்மிட் முடிவான பிறகுதான் கேட்கின்றன. முதல் நாள் பட்டியலில் அந்த வரி இருந்தால் அது செய்தி இல்லை. இல்லாமலிருந்து மார்ச்சில் உங்கள் பெயருக்குத் தனியாக வந்தால் நிமிர்ந்து உட்காரலாம்.

சிவப்புக் குறியைச் சகுனமாகப் பார்க்காதீர்கள், அது உங்களுக்கு வேலை. பள்ளி ஏற்றிய காகிதம் கணக்கில் ஏறச் சில நாட்கள் பிடிக்கும். இரண்டு வாரம் தாண்டியும் சிவப்பாகவே இருந்தால் மின்னஞ்சல் போடுங்கள். நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு: பெயர். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலோடு ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இன்னொரு வடிவம், டோஃபல் மதிப்பெண் பாஸ்போர்ட்டின்படி. கணினிக்கு இவை மூன்று வெவ்வேறு ஆட்கள். மதிப்பெண் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும், உங்கள் கோப்போடு மட்டும் ஒட்டியிருக்காது. "இந்த இரண்டு பெயரும் நான்தான்" என்று பாஸ்போர்ட் நகலோடு இரண்டு வரி எழுதினால் போதும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பகுதி காலியாக இருக்கிறவர்கள் காத்திருக்கும் காலத்திலேயே அதைத் திருத்திக்கொள்ளலாம். இல்லாவிட்டால் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், விசாவில் முதல் பெயராக 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். பிறகு ஒவ்வொரு கவுன்ட்டரிலும் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நாட்காட்டியில் இந்திய நேரத்தைக் குறியுங்கள்

நவம்பர் 1-ஐ ஒட்டி முடியும் முன்கூட்டிய சுற்றுக்கு டிசம்பர் நடுவில் முடிவு. வழக்கமான சுற்றுக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் 1-க்குள். சேருகிறேனா இல்லையா என்று நீங்கள் பதில் சொல்லப் பெரும்பாலும் மே 1 கடைசி நாள். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகள் எட்டும் மார்ச் கடைசியில் ஒரே மாலையில், வழக்கமாக அமெரிக்கக் கிழக்கு நேரம் 7 மணிக்கு முடிவைத் திறக்கின்றன. நமக்கு அது மறுநாள் விடிகாலை 4:30. எம்ஐடி-க்கு ஒரு குறும்பு உண்டு. பை எண்ணை (3.14) நினைத்து மார்ச் 14-ஆம் தேதியும், பையின் இரு மடங்கை (6.28) நினைத்து மாலை 6:28 மணியும். இங்கே 15-ஆம் தேதி அதிகாலை 3:58. மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதற்கு முன்பு நமக்கும் கிழக்குக் கரைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், அதன் பிறகு ஒன்பதரை.

இந்தத் தேதிகளே பாதி ஜோசியத்தைக் கலைத்துவிடும். கடும் போட்டி உள்ள கல்லூரிகளில் குழு விவாதம் மார்ச் வரை நீளும். ஒருமுறை சரி என்று வைத்த கோப்பையும் கடைசி வாரங்களில் மறுபடி எடுத்து, மொத்த இடங்களின் கணக்குக்காக இறக்குவதுண்டு. ஆக, பிப்ரவரி 10-ஆம் தேதி போர்ட்டலில் எது மாறினாலும் உங்கள் முடிவு அதற்குள் ஒளிந்திருக்க வாய்ப்பு குறைவு. இன்னும் எடுக்கவே எடுக்காத முடிவு எங்கே போய் ஒளியும்?

வருகிற வரிசையில் படித்து உடனுக்குடன் முடிவு சொல்லும் பல்கலைக்கழகங்கள் வேறு கணக்கு. அங்கே உங்கள் நண்பனுக்கு வந்து உங்களுக்கு வராததற்குத் துறை, எந்தத் தொகுதியில் படித்தார்கள் என்பது, காகிதம் முழுமையான தேதி என்று பல காரணங்கள் இருக்கும்.

அனுப்பியவருக்கு என்ன செலவு?

ஒவ்வொரு அடையாளத்தையும் நான் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். நிராகரிக்கப்போகும் ஒருவருக்கு இதே விஷயம் போயிருந்தால் கல்லூரிக்கு ஏதாவது நஷ்டமா? நஷ்டம் என்றால் அதற்கு எடை உண்டு. இல்லையென்றால் சத்தம்.

மேலான இடத்தில் இருப்பது, முடிவு நாளுக்கு முன்பே கல்லூரி அனுப்பும் 'லைக்லி லெட்டர்' என்ற கடிதம். ஐவி கல்லூரிகளின் பொது விதிப்படி அக்டோபர் 1 முதல் மார்ச் 15 வரை இப்படி முன்கூட்டி எழுதலாம். பெரும்பகுதி விளையாட்டு வீரர்களுக்குப் போகும், படிப்பில் தனித்து நிற்கும் சிலருக்கும் போகும். 'மதிப்பெண்ணும் நடத்தையும் இப்படியே இருந்தால் இடம் உறுதி' என்பதே அதன் பொருள். கல்லூரி தன் வாக்கைக் கொடுக்கிறது, செலவு பெரியது. அது வராததற்கோ எடையே கிடையாது, ஏனென்றால் இடம் கிடைத்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது வந்ததில்லை.

அடுத்தது முழு உதவித்தொகை நேர்காணல். ஆட்களை உட்காரவைத்து நேரம் செலவழிக்கிறார்கள், ஆகவே நல்ல அறிகுறி. ஆனால் யார் கூப்பிட்டார்கள் என்று பாருங்கள். வர்ஜீனியாவின் ஜெஃபர்சன், வட கரோலினாவின் மோர்ஹெட்-கெயின் போன்ற உதவித்தொகைகளை நடத்துவது தனி அறக்கட்டளைகள், அட்மிஷன் அலுவலகம் வேறு.

முன்னாள் மாணவர் நேர்காணலை நம்மவர்கள் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்கள். அதை நடத்துபவர் சம்பளமில்லாத தன்னார்வலர். சென்னையில் பழைய மாணவர்கள் நிறைய, ராமநாதபுரத்தில் ஒருவரும் இல்லாமலிருக்கலாம். ஜூம் வந்தபிறகு இந்த இடைவெளி குறைந்திருக்கிறது, தீரவில்லை. நேர்காணல் கிடைக்காததால் பாதகமில்லை என்று எம்ஐடி போன்ற கல்லூரிகளே சொல்கின்றன. கடைசியில் அவர் "ஆல் தி பெஸ்ட்" என்றாரா, "சீ யூ" என்றாரா என்று நாலு நாள் ஆராய்வதில் பயனில்லை. உங்கள் முடிவு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது.

பிஎச்டி-க்கு இது தலைகீழ். அங்கே பேசுவது உங்களை எடுத்து, ஐந்து வருடம் ஆய்வகத்தில் வைத்துச் சம்பளம் கொடுக்கப்போகிற பேராசிரியர். அவர் அரை மணி நேரம் ஒதுக்கி உங்கள் ஆய்வைக் குடைந்தால் நீங்கள் குறும்பட்டியலில் இருக்கிறீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆனால் அவர் "உங்களை எடுக்க விரும்புகிறேன்" என்று எழுதினாலும் அது பரிந்துரைதான். துறை பரிந்துரைத்து, பட்டமேற்படிப்பு அலுவலகம் உறுதி செய்து, கடிதம் வந்தால்தான் அட்மிஷன்.

நடுவில் நிற்கும் ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிதி உதவி கேட்டு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல் என்ற படிவத்தைப் போட்டிருப்பீர்கள். திடீரென்று நிதி அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: "தந்தையின் வருமானம் படிவத்தில் ஒரு தொகை, இணைத்த ஆவணத்தில் வேறு தொகை, விளக்கவும்." வீட்டில் கலவரம். நடந்திருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான்: அப்பாவின் அலுவலகம் தரும் சம்பள-வரிச் சான்றான ஃபார்ம் 16 ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது, அவர்கள் கேட்டது ஜனவரி முதல் டிசம்பர் வரை. சம்பளச் சீட்டுகளைக் கூட்டி ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். இப்படிக் குறிப்பான கேள்வி வந்தால் ஒரு மனிதர் உங்கள் கோப்பைத் திறந்து எண்களைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அட்மிஷன் பக்கம் நகர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, இரண்டு அலுவலகங்களும் தனித்தனியாக வேலை செய்வது வழக்கம். வெளிநாட்டவருக்கும் பண வசதியைப் பார்க்காமல் இடம் தரும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், 2022 முதல் டார்ட்மத் போன்றவற்றில் இதற்கு எடை இன்னும் குறைவு. பண வசதியையும் கணக்கில் எடுக்கும் கல்லூரிகளில், மார்ச்சில் இப்படிக் கேட்டால், கால் பங்கு சந்தோஷப்படலாம்.

மற்றவை எல்லாம் மலிவு. கல்லூரித் தலைவரின் வாழ்த்து மின்னஞ்சல், "உங்கள் விண்ணப்பம் முழுமையடைந்தது", மாணவர் வாழ்க்கை வீடியோ, போர்ட்டல் நிறம் மாறுவது, படிவங்கள் மறைவது. அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் ஸ்லேட் என்ற ஒரே மென்பொருளில்தான் விண்ணப்பங்களைக் கையாளுகின்றன. அதனால் பல போர்ட்டல்கள் ஒரே சாயலில் இருக்கும், ஒரு கல்லூரியில் பலித்த குறி அடுத்த கல்லூரிக்கும் தாவும். ஆனால் எந்த லிங்க் எப்போது யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு வேண்டியபடி அமைத்துக்கொள்கிறது. முடிவு நாளன்று தோன்றும் 'உங்கள் விண்ணப்பத்தில் ஒரு அப்டேட்' என்ற வரி, இடம் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் ஒரே மாதிரிதான் வரும்.

மொத்தமாக அனுப்பும் மின்னஞ்சல் எவ்வளவு மலிவு என்பதற்குச் சாட்சிகள் இருக்கின்றன. 2009-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம், நிராகரித்த சுமார் 28,000 பேருக்கும் சேர்த்து வரவேற்பு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. 2015 பிப்ரவரியில் கார்னகி மெலன், கணினி அறிவியல் எம்எஸ் விண்ணப்பதாரர்கள் சுமார் 800 பேருக்குத் தவறாக அட்மிட் அனுப்பி, சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றது. உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டவர்கள் அந்தச் சில மணி நேரத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். 2021-இல் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில், நாற்பது பேருக்குள் எடுக்கும் ஒரு படிப்புக்கு 5 லட்சம் பேருக்கு அட்மிட் போயிற்று.

தோண்டாதீர்கள்

போர்ட்டல் பக்கத்தை உற்றுப் பார்ப்பது வேறு, கதவை நெம்பிப் பார்ப்பது வேறு. பக்கத்தின் மூல நிரலைத் துருவுவது, முகவரியில் எண்ணை மாற்றி அடிப்பது, இன்னும் கொடுக்காத மாணவர் மின்னஞ்சலுக்கு லாகின் முயல்வது ஆகியவற்றை 'ட்ரிக்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

2005 மார்ச்சில் நடந்தது இது. பல வணிக மேலாண்மைப் பள்ளிகள் அப்போது அப்ளையுவர்செல்ஃப் என்ற ஒரே நிறுவனத்தின் விண்ணப்ப மென்பொருளைப் பயன்படுத்தின. முகவரிப் பட்டையில் சின்ன மாற்றம் செய்தால் முடிவுப் பக்கம் திறக்கும் என்று ஒருவர் வழிமுறை எழுதி இணையத்தில் போட்டுவிட்டார். சில மணி நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டார்கள், ஆனால் யார் யார் நுழைந்தார்கள் என்ற பதிவு அங்கே இருந்தது. ஹார்வர்ட் வணிகப் பள்ளி அப்படிப் பார்த்த 119 பேரையும் நிராகரித்தது, எம்ஐடி ஸ்லோன் 32 பேரை நிராகரித்தது. இத்தனைக்கும் உள்ளே போனவர்களில் பலர் பார்த்தது வெற்றுப் பக்கம்.

தண்டனை கூடிப்போயிற்றா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. எனக்கும் கடுமையாகத்தான் படுகிறது. ஆனால் உங்கள் விண்ணப்பத்தை வைத்து அந்த விவாதத்தைத் தீர்த்துப் பார்க்க வேண்டாமே.

கல்லூரியே எழுதிவைத்திருக்கும் சமிக்ஞை

யாரும் ஒளிக்காத, ஆனால் நம் பிள்ளைகள் பலர் திறந்தே பார்க்காத ஓர் ஆவணம் உண்டு. கல்லூரி தன் சேர்க்கைப் புள்ளிவிவரங்களை வருடாவருடம் வெளியிடும் தொகுப்பு அது. 'காமன் டேட்டா செட்' என்று கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். அதில் சி2 பகுதியில் வெயிட்லிஸ்ட் கணக்கு: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் இருக்கிறோம் என்றார்கள், கடைசியில் எத்தனை பேரை எடுத்தார்கள். நாலைந்து வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் நூற்றுக்கணக்கில், அடுத்த வருடம் பூஜ்யம் என்று ஆடும் கல்லூரிகளும் தெரியும்.

சி7 பகுதி இன்னும் சுவாரசியம். எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று ஒரு கட்டம் போட்டிருக்கும். அதில் 'விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்' என்றொரு வரி. எம்ஐடியும் ஹார்வர்டும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. எடுக்கும் கல்லூரிகள் உங்கள் சமிக்ஞைகளைப் படித்துக்கொண்டிருக்கும். அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தீர்களா, இணையக் கருத்தரங்குக்கு வந்தீர்களா என்று பதிவு செய்யும் வசதி ஸ்லேட் மென்பொருளில் உண்டு. அப்படிப்பட்ட கல்லூரியின் மின்னஞ்சல்களைப் படிக்காமல் குவித்துவைத்துவிட்டு, போர்ட்டலின் நிறத்தை ஆராய்வது வீண் வேலை.

மௌனத்தை எப்படிப் படிப்பது?

இளநிலைப் படிப்பில், அறிவித்த நாள் வரை மௌனத்துக்கு அர்த்தமே இல்லை. பிஎச்டியில் கொஞ்சம் உண்டு. உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் என்று, பட்டமேற்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகங்களின் அமைப்பான கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் வகுத்த ஒப்பந்தத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. மார்ச் முடிந்தும் உங்களுக்கு ஆம் இல்லை எதுவும் வராவிட்டால், பெயர் சொல்லாத காத்திருப்புப் பட்டியலில் இருக்கலாம். முதலில் இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15-ஐ ஒட்டி வேண்டாம் என்று சொன்னால் இடம் நகரும். ஏப்ரல் முதல் வாரத்தில் துறை அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரே ஒரு மின்னஞ்சல் போட்டு நிலை என்ன என்று கேட்கலாம். பேராசிரியருக்கு வாராவாரம் எழுதினால் காரியம் கெட்டுவிடும்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "என்னம்மா, ரிசல்ட் வந்துடுச்சா?" என்று சித்தி பொங்கலுக்கே ஆரம்பித்துவிடுவார். "மார்ச் கடைசியிலதான் சித்தி, வந்ததும் நானே போன் பண்றேன்" என்று தேதியைச் சொல்லி முடித்துவிடுங்கள். 'நல்ல சிக்னல் இருக்கு' என்று மட்டும் வாயை விட்டுவிடாதீர்கள்.

முடிவு நாளில்

விடிகாலையில் போர்ட்டல் திணறும், பத்து நிமிடம் விட்டுத் திறந்தாலும் முடிவு அதேதான். மின்னஞ்சலை மட்டும் நம்பாமல், போர்ட்டலுக்குள் உங்கள் பெயரில் கடிதம் இருக்கிறதா என்று பாருங்கள். அதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு போன் போடுங்கள்.

வெயிட்லிஸ்ட் என்றால் பட்டியலில் இருக்க விரும்புகிறேன் என்று போர்ட்டலில் குறித்தாக வேண்டும். தானாக இருக்கிறோம் என்று நினைத்து நழுவவிட்டவர்கள் உண்டு. தொடர்ந்து ஆர்வமாக இருக்கிறேன் என்ற கடிதத்தை அந்தக் கல்லூரி ஏற்கிறதா என்று பாருங்கள், சில கல்லூரிகள் வேண்டாம் என்றே சொல்கின்றன. ஏற்றால் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். விண்ணப்பத்துக்குப் பிறகு புதிதாக நடந்தவை மட்டும் அதில் இருக்கட்டும். இதற்கிடையில் இடம் தந்த வேறு கல்லூரி ஒன்றில் மே 1-க்குள் முன்பணம் கட்டிவிடுங்கள். வெயிட்லிஸ்ட் பின்னால் நகர்ந்து நீங்கள் மாறினால் அந்தப் பணம் பொதுவாகத் திரும்பி வராது. எவ்வளவு என்று கடிதத்தில் போட்டிருக்கும், கட்டுவதற்கு முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்.